தொண்டிக் கரையில் ஐயாவும் ஆயாவும்

எங்கள் ஆயா, அதாவது அம்மாவின் அம்மா, வீடு தேவகோட்டையில் இருந்தது. 1970களில், மதுரையில் பள்ளிக்கூடம் அடைத்த மறுநாளே எங்களை அங்கே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மே மாதம் முழுவதும் வீட்டின் நடுமுற்றமான வளவுக்குள் ஓடித் திரிந்த எங்களுக்கு வருடத்தில் ஒரு முறை வாய்த்த பெரிய பயணம், திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போய்க் கடல் பார்த்து வருவதுதான். தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். ஆனால் முதல் நாள் இரவே புளியோதரை கிளறி, மாவுருண்டையையும் சீப்புச் சீடையையும் ஓலைக் கொட்டானில் அடுக்கி, வீடே கப்பலேறப் போவதைப் போல அமளிப்படும்.

ஆயா இதை உல்லாசப் பயணமாக ஒருபோதும் கருதியதில்லை. அமாவாசையாகப் பார்த்துத்தான் நாள் குறிப்பார்; தொண்டிக்கு அருகிலுள்ள தீர்த்தாண்டதானத்தில் முழுகிக் கும்பிட்ட பிறகே எங்களைத் தண்ணீரில் இறங்க விடுவார். அந்தக் கடலில் அலை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் இராமேசுவரத்தார் சொல்வது கோடையில் அங்கே நிற்பவருக்கு எளிதில் விளங்கும். வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கரையெங்கும் கரும்பச்சைப் புல் குப்பையாக ஒதுங்கிக் கிடக்கும். காலில் சுற்றும் அந்தப் புல்லை நான் அருவருப்போடு உதறுவேன். கடல் பசு மேய்வது அதைத்தான் என்பதையும், அந்த உயிருக்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது என்பதையும் அறிந்தபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. சொறிமுட்டை என்னும் ஜெல்லிமீன் பட்டுக் கால் தடித்து நான் அழுத ஒரு வருடமும் உண்டு. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஐயாவை, அதாவது தாத்தாவைப் பற்றித்தான். அவர் கடலில் கால் நனைத்து நான் பார்த்ததே இல்லை. மேலே போட்டிருக்கும் துண்டை மடித்து மணலில் விரித்து, தண்ணீர் எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொள்வார். பதினாறு வயதில், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்குக் கப்பலேறியவர் அவர். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது கப்பலில் இடம் கிடைக்காமல், எல்லையோர ஊரான தமு வழியாக மணிப்பூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். "போகும்போது கப்பல், வரும்போது கால்" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. உடன் நடந்தவர்களில் எத்தனை பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு முறை கேட்டேன். ஆயா என்னைத் தண்ணீர் மொண்டு வர அனுப்பிவிட்டார்.

கடலைப் பற்றி அவராகவே என்னிடம் பேசிய ஒரே சந்தர்ப்பமும் அந்தக் கரையில்தான் நேர்ந்தது. ஓலைப் பெட்டிகளில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த பெண்களைக் காட்டி, அது எதற்கென்று கேட்டேன். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவார்கள் என்று சொன்ன ஐயா, ஒரு சிப்பியை எடுத்து என் கையில் வைத்து, "நீ படுக்கிற இடத்தில் தலைமாட்டுச் சுவர் வழுவழுவென்று இருக்கிறதே, அதற்குள்ளே இருப்பது இதுதான். கடுக்காயும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்துப் பூசியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் தேக்கு, அதுவும் பர்மாவிலிருந்து கடல் வழியாகத்தான் வந்தது" என்றார். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட பிறகே நகரத்தாராகிய நம்மவர்கள் இங்கே வந்தார்கள் என்றும், அந்தப் பயத்தில்தான் தரையை இத்தனை உயர்த்திக் கட்டினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படும் கதையையும் அன்றுதான் சொன்னார். மழைக்கே ஏங்கும் ஊரில் வெள்ளத்துக்கு அஞ்சி வீடு கட்டுவார்களா என்று எனக்கு அப்போதே ஐயம். ஆனாலும் அன்றிரவு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

திரும்பும்போது ஆயா ஒரு தூக்கு நிறையக் கடல் தண்ணீர் எடுத்து வருவார். பேருந்தில் அது தளும்பாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பு. வீடு வந்ததும், கண்ணேறு கழிய வேண்டுமென்று முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை மூலைமூலையாகத் தெளித்துக்கொண்டே போவார். ஐயா அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தூக்கோடு ஆயா அவர் பக்கம் வரும்போது, ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் குனிந்து காட்டுவார்.