ரோமரின்ர வீட்டுச்சாமியும் எங்கட வைரவரும் ஒரே கேஸோ?

கோண்டாவில்பெடியன்:
வணக்கம். ராத்திரி பொம்பேய் எண்ட, எரிமலையில புதைஞ்ச பழைய ரோமர் ஊரைப் பற்றி வீடியோ ஒண்டு பாத்தன், வெட்டீ வீடு எண்டு ஒரு வீட்டுச் சுவரில சின்னக் கோயில் மாதிரி கீறி, நடுவில ஒராள் முக்காடு போட்டு நிக்கிறார், ரெண்டு பக்கமும் ரெண்டு பெடியள் கொம்பைத் தூக்கிக்கொண்டு ஆடுற மாதிரி, கீழ நீட்டுக்கு ஒரு பாம்பு. அந்தப் பெடியள்தான் லாரேஸ், வீட்டுக் காவல் தெய்வமாம். எனக்கெண்டா வளவு மூலையில நிக்கிற வைரவர்தான் ஞாபகம் வந்தவர். பெனாத்தேஸ் எண்டும் சொல்லுறாங்கள், ரெண்டும் ஒண்டோ?

பழசுக்கிறுக்கன்:
ஒண்டில்லைத் தம்பி, ஆனா ரோமரே சேத்துச் சேத்துத்தான் சொல்லுவினம். பெனுஸ் எண்டா சாப்பாட்டுச் சாமான் வைக்கிற அறை, அதைக் காக்கிறவை பெனாத்தேஸ். முக்காட்டுக்காரர் கெனியுஸ், குடும்பத் தலைவரோட கூடப் பிறந்த தெய்வம். லாரேஸ் வீட்டை மட்டுமில்லை சந்தியையும் காக்கிறவை, கொம்பித்தாலியா எண்டு சந்தித் திருவிழாவே இருந்தது, அண்டைக்கு வீட்டில இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் கம்பளி பொம்மை ஒண்டு கட்டித் தூக்கிறது, அடிமையெண்டா பொம்மை இல்லை, வெறும் கம்பளி உருண்டை. சாமிக்கு முன்னாலயும் ஆள் பாத்த கணக்கு, எங்கட ஊருக்குத் தெரியாத விசயமே! வைரவர் எண்டு கேட்டதுக்கு ஒண்டு சொல்லவேணும், நகரத்தைக் காத்த லாரேசின்ர காலடியில கல்லு நாய் நிண்டது எண்டு ரோமப் புலவர் ஓவிட் எழுதியிருக்கிறார்.

குசினிக்கிளி:
நாயோ!! அப்ப வைரவரேதான் 😄 பகிடி. பெனாத்தேஸ் எண்டோண்ண நினைவு வந்தது, ரோமற்ற பழைய கதையில, திரோய் நகரம் எரியேக்க அவையின்ர மூதாதை ஈனியாஸ் தேப்பனைத் தோளில தூக்கினவர், தேப்பன் கையில இந்தப் பெனாத்தேஸ். 95இல சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் வெளிக்கிடேக்க அப்பம்மா உடுப்பை விட்டிட்டு சாமிப்படத்தைத்தான் பையுக்க வைச்சவ, வைரவற்ற சூலத்தைப் பிடுங்கப்போன சித்தப்பாவுக்கு நல்ல ஏச்சு, அவர் வளவோட நிக்கிறவர், அவரை இழுக்காத எண்டு.

பழசுக்கிறுக்கன்:
இன்னொண்டு. கி.பி. 392இல தியோடோசியஸ் எண்ட கிறிஸ்தவ ரோம ராசா இதெல்லாத்தையும் தடை செய்தவர், கோயிலில மட்டுமில்லை, வீட்டுக்க ஒளிச்சும் விளக்குக் கொளுத்தக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, மாலை தூக்கக்கூடாது எண்டு சட்டத்தில பேர் சொல்லி எழுதிக்கிடக்கு. வெள்ளிக்கிழமை நாங்கள் செய்யிறது அவ்வளவும் அதுக்க வந்திடும்.

கோண்டாவில்பெடியன்:
நன்றி அண்ணை. அக்கா, அந்தச் சூலம் இப்பவும் நிக்குதோ?

குசினிக்கிளி:
நிக்குது தம்பி. திரும்பி வரேக்க வேம்பு அரைவாசியை விழுங்கிட்டுது, இப்ப மரத்துக்குத்தான் வடைமாலை.