என்சைம் போட்டும் பிராய்லர் எச்சம் ஒட்டுகிறது, எடை ஏறவில்லை. எங்கே தவறு?

கேள்வி:
மக்காச்சோளத்தைக் குறைத்து, ஸ்டார்ட்டர் (குஞ்சுப் பருவ) தீவனத்தில் கோதுமை 45%, சிவப்புச் சோளம் 15% சேர்த்திருக்கிறோம். மாட்டுக்கொழுப்பு 3%. ஃபைட்டேஸ் என்சைம் கிலோவுக்கு 500 யூனிட். 18ஆம் நாளில் எடை, இன அட்டவணையைவிட 150 கிராம் குறைவு. எச்சம் பசைபோல் கால்விரல்களில் உருண்டையாகக் காய்ந்து நிற்கிறது, பின்பக்க இறகிலும் அப்பியிருக்கிறது. ஆழ்கூளம் ஈரம். ரத்தக்கழிச்சல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. உப்பும் சரியான அளவில்தான். என்ன செய்யலாம்?

பதில் 1:
நீங்கள் போட்ட என்சைமுக்கு வேலையே வேறு. ஃபைட்டேஸ், தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற சேர்மத்தில் முடங்கிய பாஸ்பரஸை விடுவிக்கும். கோதுமையில் தொல்லை தருவது அரபினோசைலன் என்ற நார்ச்சர்க்கரை. அதை ஃபைட்டேஸ் தொடாது. அதை வெட்ட சைலனேஸ் வேண்டும். (பார்லி, ஓட்ஸ் என்றால் பீட்டா-குளுக்கனேஸ்.)

அரபினோசைலன் நீரில் கரைந்து குடலில் இருப்பதைக் கூழாக்கிவிடும். இறந்த குஞ்சு ஒன்றின் சிறுகுடலைத் திறந்து, உள்ளே இருப்பதை இரு விரலிடையே வைத்து இழுத்துப் பாருங்கள். நூலாக நீண்டால் இதுதான் காரணம். அந்தக் கூழுக்குள் பித்தநீர் சரியாகக் கலக்காது, முதலில் அடிவாங்குவது கொழுப்புச் செரிமானம். மாட்டுக்கொழுப்பு போன்ற கெட்டிக் கொழுப்புக்கு பாதிப்பு இன்னும் அதிகம். செரிக்காத சத்து கீழ்க்குடலுக்குப் போனால் குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியா பெருக இடம் கிடைக்கும். அதுதான் எனக்குப் பெரிய கவலை. வளர்ந்த முட்டைக்கோழி இதே கோதுமையை ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது.

சைலனேஸை லேபிளில் உள்ள அளவுக்குப் போடுங்கள். ஒரு டன்னுக்கான பொடியை முதலில் 2 கிலோ மாவில், பிறகு 20 கிலோவில் கலந்து, அதன்பின் மிக்சரில் கொட்டுங்கள். நேராகக் கொட்டினால் ஒரு மூட்டையில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. சைலனேஸ் வரும்வரை கோதுமையை 20 சதவீதத்துக்குள் இறக்கி, மாட்டுக்கொழுப்புக்குப் பதில் சோயா எண்ணெய் கொடுங்கள்.

கேட்டவர்:
பெல்லட் கண்டிஷனரில் (குருணையாக்கும் முன் தீவனத்தை நீராவியில் சூடாக்கும் பகுதி) 88 டிகிரி போகிறது. அது பரவாயில்லையா?

பதில் 1:
சாதாரணப் பொடி என்சைம் 85 டிகிரிக்கு மேல் பெருமளவு செத்துப்போகும். உங்கள் ஃபைட்டேஸும் அப்படிப் போயிருக்கலாம். அதை நம்பி டி.சி.பி.யை (பாஸ்பரஸ் தரும் டைகால்சியம் பாஸ்பேட்) குறைத்திருந்தால் உடனே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெப்பம் தாங்கும் பூச்சுள்ள வகை வாங்குங்கள், அல்லது பெல்லட் ஆறிய பிறகு திரவ என்சைமைத் தெளியுங்கள்.

பதில் 2:
சோளத்தையும் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். சிவப்பாக இருப்பதாலேயே டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு என்று அர்த்தமில்லை. தோலுக்கு அடியிலுள்ள நிறமிப் படலம்தான் கணக்கு. உடையாத 100 மணிகளை எடுங்கள். 3.5% சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) கரைசல் 100 மில்லியில் 5 கிராம் காஸ்டிக் சோடா கரைத்து, மணிகள் மூழ்க ஊற்றி, அறை வெப்பத்தில் 20 நிமிடம் அவ்வப்போது குலுக்குங்கள். கையுறை கட்டாயம். கழுவி, தாளில் ஒற்றிப் பாருங்கள். மணி முழுக்கக் கறுத்திருந்தால் டானின் வகை. முளைப்பகுதி மட்டும் பழுப்பானால் கவலையில்லை. உடைந்த மணியும் கறுத்துக் காட்டும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். 100க்கு 64 கறுப்பு.

பதில் 2:
அப்படியானால் ஸ்டார்ட்டரிலிருந்து அந்தச் சோளத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். சைலனேஸ் அதற்கு உதவாது. எடுக்கும்வரை மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சற்றுக் கூட்டுங்கள், கால் வளைகிறதா என்றும் பாருங்கள். எச்சம் சில நாளில் கெட்டிப்படும். இழந்த எடை முழுதும் திரும்பும் என்று எண்ணி விற்பனைத் தேதி குறிக்காதீர்கள்.