சில நொடிகளே வாயில் தங்கும் சோற்றில் உமிழ்நீருக்கு என்ன வேலை?

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி):
வணக்கம். செய்முறை வகுப்பில் ஆறிய கஞ்சித்தண்ணீரில் உமிழ்நீரைக் கலந்து, குழாயை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் நிறுத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் எடுத்து, வெள்ளை ஓட்டின் மேல், மாவுச்சத்து இருந்தால் கருநீலமாகும் அயோடினுடன் சேர்த்துப் பார்த்தோம். முதல் சொட்டு கருநீலமாகவும் மூன்றாவது செம்பழுப்பாகவும் தெரிந்தன. ஆறாவதில் அயோடினின் நிறம் மட்டுமே எஞ்சியது. மாவுச்சத்து மறையப் பத்து நிமிடம் ஆயிற்று. ஆனால் ஒரு கவளம் சோறு வாயில் அரை நிமிடம்கூட இருப்பதில்லை. விழுங்கியபின் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்னும் நொதியை இரைப்பை அமிலம் செயலிழக்கச் செய்துவிடும் என்றால், இந்த நொதியால் மெய்யாகவே பயன் உண்டா?

மறுமொழி 1 (உயிரியல் ஆசிரியர்):
நல்ல கேள்வி, அம்மா. விழுங்கியவுடன் அமிலம் கவளம் முழுவதையும் நனைத்துவிடுவதில்லை என்பதே இதற்கு விடை. மென்று உருட்டிய சோறு இரைப்பையின் மேற்பகுதியில் அதிகம் கடையப்படாமல் தங்குகிறது. அமிலம் வெளிப்புறத்திலிருந்து மெல்ல ஊறி உள்ளே செல்லும்வரை, கவளத்தின் நடுவே அமைலேஸ் தன் வேலையைத் தொடர்கிறது. ஏறத்தாழ 30 விழுக்காடு மாவுச்சத்தை உமிழ்நீர் சிதைப்பதாகப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு வாயில் நடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அமில கார அளவு 6.8 அளவில் சிறப்பாகச் செயல்படும் இந்த நொதி, அது 4-க்குக் கீழே இறங்கும்போதுதான் ஓய்கிறது. நீங்கள் கண்ட செம்பழுப்பு, பாதி உடைந்த மாவுச்சத்தான டெக்ஸ்ட்ரினின் நிறம். அமைலேஸ் மாவுச்சத்தின் நேர்ச்சங்கிலியின் பிணைப்புகளை அறுக்குமே தவிர, மாவுச்சத்தின் கிளைத்த வகையான அமைலோபெக்டின் கிளைவிடும் இடத்துப் பிணைப்பைத் தொடாது. அந்த மிச்சத்தைச் சிறுகுடல் நொதிகள் முடிக்கின்றன.

மறுமொழி 2 (பல் மருத்துவர்):
ஆசிரியர் கூறியதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உமிழ்நீரை அமைலேஸாக மட்டும் பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதி. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று உமிழ்நீர் வற்றியவர்களைப் பார்த்து வருகிறேன். கணைய அமைலேஸ் இருப்பதால் அவர்களுக்கு மாவுச்சத்து செரிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரு வாய் இட்லியைக்கூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிவதில்லை. உணவை வழுக்கும் உருண்டையாக்கும் மியூசின் என்னும் சர்க்கரை ஏற்றிய புரதம் அவர்களிடம் குறைந்துபோனதே காரணம். வாயின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் குறைவதால் பற்களும் விரைவில் சொத்தையாகின்றன.

மாணவி:
மிக்க நன்றி, ஐயா. கொதிக்கவைத்த உமிழ்நீர் சேர்த்த குழாய் கடைசிவரை நீலமாகவே நின்றது. அமிலம் சேர்த்த குழாயிலும் அவ்வாறே நிற்குமா?

மறுமொழி 1 (உயிரியல் ஆசிரியர்):
நிற்கும். அமிலத்தை உமிழ்நீரில் முதலில் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கஞ்சியைச் சேர்த்துப் பாருங்கள்.