6 சென்ரிமீற்றர் கேம்பிறிட்ஜ்

குழு: ஒட்டுசுட்டான் வீடு
சனிக்கிழமை

நான் (காலை 7:12): [படம்]

நான்: இது யாருடைய கார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மாமி: முத்தையன்கட்டுக் குளக்கட்டு மாதிரி இருக்கிறது. இந்தக் காலத்தில் யார் ஒஸ்ரின் வைத்திருக்கிறார்கள்? கலியாண வீட்டுக்கு வாடகைக்குப் பிடித்ததா?

யாழினி: அம்மா, சில்லடியில் கிடக்கிற வேப்பிலையைப் பாருங்கள். கதவளவு இருக்கிறது 😂

மாமி: ஐயோ, விளையாட்டுக் காரா!

நான்: விடிய 6 மணியிலிருந்து மண்ணில் படுத்துக் கிடந்து 40 படம் எடுத்தேன். அந்த ஒரு இலை கண்ணில் படவில்லை.

சித்தப்பா: பிரவீன், பொறு. அது நான் போன வருடம் ஆள் வசம் அனுப்பிய மட்ச்பொக்ஸ் 36 தானே?

நான்: ஓம் சித்தப்பா.

சித்தப்பா: நீலப்பச்சை நிறம் எங்கே?

நான்: 🙈

சித்தப்பா: பெயின்ற் அடித்துவிட்டாயா!! தம்பி, அது மட்ச்பொக்ஸ் செய்த லெஸ்னி கொம்பனி 1957 இல் விட்ட ஒஸ்ரின் ஏ50 கேம்பிறிட்ஜ். இங்கே ரொறன்ரோவில் பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டிக்குள் கிண்டி எடுத்தேன். முதல் பூச்சு இருந்தால்தான் சேர்க்கிறவனுக்கு அது சாமான். மேலே ஒரு பூச்சு அடித்தால் வெறும் இரும்பு விலை.

நான்: இரும்பும் இல்லை சித்தப்பா, துத்தநாகக் கலவை 😬 பூச்சு முக்கால்வாசி உரிந்துதானே வந்தது? பெட்டியும் இல்லை. பெட்டியோடு புதிதாக இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன், சத்தியமாக.

சித்தப்பா: அதன் கதை தெரியுமா உனக்கு? லெஸ்னியில் ஜாக் ஓடெல் என்று ஒருவர் இருந்தார். அவருடைய மகளின் பள்ளிக்கூடத்தில் நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுச் சாமான் மட்டும்தான் கொண்டு வரலாம் என்று சட்டம். மனிதன் பித்தளையில் குட்டி ரோட் ரோலர் ஒன்று செய்து கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் மட்ச்பொக்ஸ், 1953 இல். அப்படிப்பட்ட சாமானை நீ...

மாமி: அண்ணா, கனக்கக் கதைக்காதே. மீன் ரின்னில் லொறி செய்ய அப்பாவின் புதுச் செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லுப் போட்டது யார்? வேலியில் முறித்த பூவரசந்தடியால் யார் அடி வாங்கினார்?

யாழினி: 🤣🤣🤣

சித்தப்பா: அது வேறு. அது தேவைக்குச் செய்தது.

மாமி: செருப்பு அப்பாவுக்கும் தேவையாகத்தான் இருந்தது.

யாழினி: சரி சரி. பிரவீன், எப்படிச் செய்தாய்? இலையை விட்டுப் பார்த்தால் உண்மையான கார் மாதிரித்தான் இருக்கிறது.

நான்: அச்சின் முனையை நசுக்கி இறுக்கியிருக்கிறார்கள், சில்லைக் கழற்ற முடியாது. அதனால் சில்லுக்கு ரேப் சுற்றிவிட்டுப் பழைய பூச்சை உரித்தேன். பிறகு மெல்லிய அரத்தாள், அடிப்பூச்சு, அதற்கு மேல் சாம்பல் நிறம். ஒரே தரத்தில் தடிப்பாக அடித்தால் கதவின் கோடு எல்லாம் மூடுபட்டுவிடும். அதனால் மூன்று தரம் மெல்லியதாக அடித்துக் காயவிட்டேன். இந்தக் காலத்துக் கார்களுக்குக் கண்ணாடி இல்லை, வெறும் ஓட்டை. சேட் பெட்டியின் மெல்லிய பிளாஸ்ரிக்கை வெட்டி உள்ளே ஒட்டினேன்.

யாழினி: படம்?

நான்: அதுதான் கஷ்டம். கார் 6 சென்ரிமீற்றர், உண்மைக் கார் 4 மீற்றர் சொச்சம். கிட்டத்தட்ட 68 இல் ஒரு பங்கு. போனிலிருந்து அரை மீற்றர் தள்ளி வைத்தால், 34 மீற்றர் தூரத்தில் உண்மைக் கார் நிற்பது போலக் கண்ணுக்குத் தெரியும். அதனால் பின்னால் தெரிகிற மரமும் மதகும் அந்த அளவு தூரத்தில் இருந்தால்தான் பொருந்தும். மிகக் கிட்டப் போனால் பின்பக்கம் கலங்கிவிடும், கலங்கினால் உடனே விளையாட்டுக் கார் என்று பிடித்துவிடுவார்கள். கொஞ்சம் விலகி 2 மடங்கு சூம் வைத்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்தால் கமரா நிலத்தோடு வரும். மேலிருந்து எடுத்தால் பொம்மை, சில்லு மட்டத்திலிருந்து எடுத்தால் கார்.

நான்: மண்ணும் பொருந்தாது. சாதாரண மண்ணின் ஒரு பருக்கை இந்தக் காருக்குக் கல் மாதிரி. அரித்த செம்மண்தான் புழுதி போலப் படியும். தண்ணீரைச் சுருக்கவே முடியாது. ஒரு துளி விழுந்தால் பூசணிக்காய் அளவு தெரியும். மழைப் படம் எடுக்கலாம் என்று போய்த் தோற்றுத்தான் வந்தேன்.

அம்மா: எதில் அரித்தாய்?

நான்: 🙂

அம்மா: இடியப்ப மாவில் ஏன் சிவப்பு என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மா அரிதட்டைக் கழுவி வை. இன்னொன்று, குளக்கட்டில் எடு, வீட்டு வளவில் எடு. வடிவான இடம் என்று காட்டுக்குள் போய் நெஞ்சு நிலத்தில் படப் படுக்கிற வேலை வேண்டாம். மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நடவில்லை என்றாலும் வேண்டாம்.

சித்தப்பா: அண்ணி சொல்வதைக் கேள். அதில் விளையாட்டு இல்லை.

நான்: கட்டை விட்டு இறங்கவில்லை அம்மா.

அப்பம்மா (குரல் பதிவு 1:34): பிள்ளை, படத்தைக் காட்டினாள் உன் அம்மா. அது அப்பப்பாவின் கார்தானே? நல்லாயிருக்கு. ஆனால் அந்தக் கார் இவ்வளவு வடிவில்லை, அப்பன். முன் இடப்பக்க மட்காட் கறுப்பு. வவுனியாவில் வேறொரு காரில் கழற்றிப் போட்டது, நிறம் மாற்றக் காசில்லை. வலப்பக்க விளக்கு இல்லை. பின் கதவு ஒன்றைக் கயிறு போட்டுத்தான் கட்டுவார். கூரையில் கரியர் இருந்தது. முன் கண்ணாடியில் வற்றாப்பளை அம்மன் படம்.

யாழினி: அது ஏ50 ஆ அப்பம்மா?

சித்தப்பா: இல்லை, ஏ40 கேம்பிறிட்ஜ். இரண்டுக்கும் ஒரே உடம்பு, எஞ்சின்தான் வேறு. அதனால்தான் சந்தையில் கண்டதும் எடுத்தேன்.

மாமி: இதை ஏன் முதலே சொல்லவில்லை? வெறுமனே பூச்சு, பெட்டி என்று சண்டை பிடித்தாய்.

சித்தப்பா: ...

மாமி: யாழினி, நீ பிறக்கப்போகிற அன்று அந்தக் காரில்தான் போனோம். பொருளாதாரத் தடைக் காலம். சின்னப் போத்தலில் பெற்றோல், அதுவும் மருந்து மாதிரி. அதைக் கொஞ்சம் விட்டு எஞ்சினை எழுப்பிச் சூடாக்கிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை, எனக்குக் குத்து. அப்பா பாட்டுப் படிக்கிறார்.

யாழினி: அந்தக் காரின் படம் ஒன்றும் இல்லையா?

மாமி: அல்பம் எல்லாம் 2009 இல் போயிற்று. காரும் வழியில் விட்டதுதான்.

(ஒன்றரை மணி நேரம் ஒருவரும் எழுதவில்லை)

சித்தப்பா: பிரவீன், பின் பம்பரின் நடுவில் உள்ளே ஒரு நெளிவு வேண்டும். அப்பாவின் பெருவிரல் போகும் அளவு.

நான்: அது எப்படி வந்தது?

சித்தப்பா: 14 வயதில் அப்பா நித்திரை என்று எடுத்து ஓட்டினேன். பின்னுக்கு எடுக்கும்போது புளியமரம்.

மாமி: மாடு முட்டியது என்றல்லவா சொன்னாய்!!! அயல் வீட்டுக்காரரோடு அப்பா 6 மாதம் கதைக்கவில்லையே!

அப்பம்மா (குரல் பதிவு 0:06): எனக்கு அன்றைக்கே தெரியும்.

சித்தப்பா: அம்மா!!

நான் (மாலை 5:48): [படம்] இப்போது பாருங்கள். மட்காட் கறுப்பு. விளக்கைத் துளைத்து எடுத்தேன். நெளிவுக்குச் சின்ன உருண்டை அரம். கயிறு, சாக்கிலிருந்து உரித்த ஒற்றை நார். கரியர் ஊசிக் கம்பி. அம்மன் படத்தை நாட்காட்டியில் வெட்டி ஒட்டினேன், அரிசி அளவு.

சித்தப்பா: சாம்பல் இன்னும் கொஞ்சம் நீலம் கலந்திருக்க வேண்டும். நம்பர்?

மாமி: கடைசி இலக்கம் 7.

சித்தப்பா: 1.

அம்மா: எனக்கு 4 என்று ஞாபகம்.

நான்: நம்பரில் சேறு அப்பிவிடுகிறேன்.

சித்தப்பா: அடுத்த மாதம் பெரியம்மாவின் மகன் வருகிறான். இன்னும் மூன்று ஒஸ்ரின் கொடுத்து விடுகிறேன், எல்லாம் உரிந்தவை. பெட்டியோடு இருப்பதை மட்டும் கேட்காதே.

அப்பம்மா (குரல் பதிவு 0:22): அப்பன், எல்லாம் சரி. புகை எங்கே? புகை இல்லாமல் அந்தக் கார் ஒரு நாளும் வெளிக்கிடவில்லை.

நான்: ஊதுபத்தியைக் காருக்குப் பின்னால் மறைத்து வைத்தால் வரும் அப்பம்மா. நாளைக்குக் காற்றில்லாத நேரம் பார்த்து எடுக்கிறேன்.

அம்மா: சாமி அறைப் பெட்டியில் கை வைக்காதே. கடையில் வாங்கு.

அப்பம்மா (குரல் பதிவு 0:04): என்னிடம் இருக்கு, வா.