உணவைப் பற்றிப் படிக்கப் போய் காசிமேட்டுக்கே வந்து சேர்ந்தேன்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காசிமேட்டிலிருந்து:

எங்க அம்மா சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்து, தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்பவர். நான் உணவு அமைப்புகள் பற்றி முதுகலை படிக்கிறேன். விளைவது, பிடிப்பது, விற்பது, சமைப்பது, மிச்சம் குப்பைக்குப் போவது எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகப் பார்க்கிற படிப்பு. போன வருடம் எனக்கு வந்த தலைப்பு மீன். படகு, ஏலம், மொத்த வியாபாரி, கடை, நுகர்வோர் என்று ஐந்து கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்தேன். ராத்திரி அதைத் தரையில் விரித்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்டாங்க. விளக்கினேன். "இதுல நான் எங்க கண்ணு கீறேன்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்தக் கூடைதான் என் கட்டணத்தைக் கட்டுகிறது.

அடுத்த வாரம் வகுப்பையே விடியற்காலை 3 மணிக்கு ஏலத்துக்குக் கூட்டிப்போனேன். பேராசிரியரும் வந்தார். அன்றைக்குப் பாடம் எடுத்தது அம்மாதான். செவுளைத் தூக்கிப் பார்ப்பது, கூடையாக எடுத்துக் கூறு கட்டி விற்பது, ஐஸ் கரையக் கரைய விலை இறங்குவது. பிறகு தண்டல், அதாவது தினம் வசூலிக்கிற கடன். பெயருக்கு 10,000 ரூபாய், கையில் வருவது 8,500. 100 நாளைக்குத் தினம் 100 ரூபாய் கட்ட வேண்டும். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் சாயங்காலம் ஆள் வந்து நிற்பார். நல்ல மீனை மத்தியானத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது ஏன் என்று எங்கள் பாடத்தில் எங்கேயும் இல்லை. அம்மா இரண்டு நிமிடத்தில் சொல்லிட்டாங்க.

அங்கிருந்துதான் விடுதி மெஸ்ஸுக்குக் கூடைக்காரர்களிடம் நேராக மீன் வாங்கலாம் என்ற யோசனை வந்தது. மாதம் ஒரு நாள் வஞ்சிரம் துண்டு போடுவதைவிட நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி என்று வாரம் ஒரு நாள் போடலாம். விலையும் குறைவு, நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தோடு இரும்புச்சத்தும் கிடைக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எங்கள் விடுதிப் பெண்களும் அதில் அடக்கம் என்று மெஸ் கமிட்டியில் எடுத்துச் சொன்னேன்.

ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பில் வேண்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், பணம் 45 நாள் கழித்துத்தான் வரும். பதிவு சுலபம். நாங்கள் செய்தபோது சிறு வியாபாரிக்கு வருடம் 100 ரூபாய்தான். பில் புத்தகம் அச்சடித்தோம். அந்த 45 நாள்தான் மலையாக நின்றது. தினம் தண்டல் கட்டுகிறவரால் எப்படிக் காத்திருக்க முடியும்? பேராசிரியர் அலைந்து திரிந்து துறையிலிருந்து ஒரு சிறு முன்பணம் வாங்கினார். மீன் இறங்கிய அன்றைக்கே அதிலிருந்து காசு கொடுத்துவிடுவோம், மெஸ் பணம் வந்ததும் அதை நிரப்பிவிடுவோம்.

முதல் புதன்கிழமை 20 கிலோ நெத்திலி போனது. அவ்வளவையும் உட்கார்ந்து ஆய்ந்தது மெஸ்ஸில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மூன்று அக்காக்கள். "உங்க படிப்புக்கு எங்க இடுப்பு போகணுமா பாப்பா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். கூடைக்காரர்களைப் படத்தில் சேர்த்த நான் இவர்களை விட்டுவிட்டேன். இப்போது துறைமுகத்தில் மீன் ஆய்ந்து தருகிறவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி கொடுத்து, சுத்தம் செய்த மீனாகத்தான் அனுப்புகிறோம். அந்தக் கூலியையும் சேர்த்தால்தான் அது மீனின் உண்மையான விலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிறுத்திவிடலாம் என்று மெஸ் பொறுப்பாளர் சொன்னார். தடை விசைப்படகுக்குத்தான், பைபர் படகு போகும் என்று அம்மா திருத்தினாங்க. வரத்து குறைந்த வாரங்களில் கருவாட்டுத் தொக்கு போட்டோம். வாசனை பிடிக்காது என்று சிலர் எழுதிக் கொடுத்தார்கள். சமையலை வெளிக்கொட்டகைக்கு மாற்றினோம். தொக்கை மட்டும் நிறுத்தவில்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

அக்கா, 2023 சிறுதானிய ஆண்டில் நான் படித்த கல்லூரியில் ஒரு திருவிழா நடத்தினார்கள். கேழ்வரகுக் கூழ் ஒரு கோப்பை 60 ரூபாய். கல்லூரி வாசலிலேயே ஓர் ஆயா தள்ளுவண்டியில் அதே கூழை, மோர் மிளகாயும் மாங்காயும் வைத்து 20 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். திருவிழா முடியும்வரை வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நானும் அன்றைக்குத் தொண்டர் பட்டை கட்டிக்கொண்டு பேசாமல் நின்றேன். இன்றைக்கும் அது மனசில் குத்துகிறது.

எண்ணூரிலிருந்து:

நாங்கள் ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு ஏற்கெனவே மேடாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் கருப்பானது. எங்க ஊர் ஆளுங்க அதைக் கையால் அள்ளினாங்க. எண்ணூர் இறால் என்று சொன்னாலே யாரும் வாங்கவில்லை. அப்போது ஒரு கல்லூரியிலிருந்து வந்து தண்ணீர், இறால், சேறு எல்லாம் பாட்டிலில் எடுத்துப்போனார்கள். அப்பாவிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து பதில் சொன்னார். இறாலைச் சாப்பிடலாமா என்பதுதான் அப்பா கேட்ட ஒரே கேள்வி. முடிவு வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை யாரும் வரவில்லை. அப்பா வேறு வழியில்லாமல் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

காசிமேட்டிலிருந்து:

எண்ணூர்த் தம்பி, படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ஐ.நா.வின் உலக உணவுப் பாதுகாப்புக் குழுவின் நிபுணர்கள் 2020 அறிக்கையில், உணவுப் பாதுகாப்பு என்பதில் உணவு கிடைப்பது, வாங்க முடிவது ஆகியவற்றோடு, தன் உணவைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் சேர்க்கச் சொன்னார்கள். பரீட்சையில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உன் அப்பா கேட்டது அந்த உரிமையைத்தான்.

எங்கள் வகுப்பில் இந்த வருடம் முதல், யாரிடம் கேட்டோமோ அவர்களிடம் முடிவைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே ஆய்வேட்டைக் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். அந்தக் கல்லூரி எது என்று எனக்குத் தனியாக எழுது. பேராசிரியரை விட்டு முடிவைக் கேட்கச் சொல்கிறேன். கொருக்குப்பேட்டைத் தம்பி, அந்த ஆயா இன்னும் வண்டி போடுகிறாரா? புதன்கிழமை மெஸ்ஸில் கூழுக்கு இடம் இருக்கிறது.