ஆசிலாஸ்கோப் அனுப்பும் பைனரித் தரவு அரேயில் தவறாக விழுகிறது

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

எங்கள் கல்லூரி ஆய்வகத்துப் பழைய ஆசிலாஸ்கோப்பிலிருந்து 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், ஆர்எஸ்-232 என்ற சீரியல் கேபிள் வழியாக, 1000 புள்ளிகளை 32 பிட் மிதவைப்புள்ளி (தசம) எண்களாக லேப்வியூ என்ற நிரலாக்க மென்பொருளின் அரேயில், அதாவது எண் வரிசையில், ஏற்ற முயல்கிறேன். முன்னால் வரும் "#44000" என்ற ஆறு எழுத்துகளையும் நீக்கிய பிறகே, பைட்டுகளை எண்களாக மாற்றும் டைப் காஸ்ட் செய்கிறேன். ஆயினும் திரையில் 1 வோல்ட் என்று நேர்கோடாக நிற்கும் சிக்னல் 4.6×10⁻⁴¹ என்று வருகிறது. சைன் அலையைக் கொடுத்தாலோ, பிழைச்செய்தி எதுவும் இன்றி வாசிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. கருவியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்க்க வேண்டுமா?

மறுமொழி (கஞ்சிக்கோடு)

வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர் போக வேண்டிய அவசியமே இல்லை, ஐயா. தாங்கள் தந்திருக்கும் எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. 1.0 என்பதன் நான்கு பைட்டுகள் பதின்மத்தில் 63, 128, 0, 0; அவற்றைத் தலைகீழாக அடுக்கிப் படித்தால் கிடைப்பது சரியாக 4.6×10⁻⁴¹ தான். கருவி சிறிய இடமதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்புகிறது, டைப் காஸ்டோ பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும் என்றே எப்போதும் எடுத்துக்கொள்கிறது. அதை விட்டுவிட்டு, பைட் வரிசையைத் தேர்ந்தெடுக்க இடம் தரும் அன்ஃப்ளாட்டன் என்ற லேப்வியூ செயல்கூற்றைப் பயன்படுத்துங்கள்.

பாதியில் நிற்பது வேறு கதை. சீரியல் போர்ட்டை அமைக்கும் விஐயில் (லேப்வியூ நிரல்கூற்றில்) முடிவெழுத்து இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கும். அதன் மதிப்பு 10, அதாவது புதுவரிக் குறி. அலையின் ஏதோ ஒரு புள்ளியில் 10 என்ற பைட் வந்தவுடன், செய்தி முடிந்தது என்று மென்பொருள் கருதிவிடுகிறது. நேர்கோட்டில் அந்தப் பைட் வராததால் அங்கே நிற்கவில்லை. முடிவெழுத்தை அணைத்துவிட்டு, 4000 பைட்டுகளையும் கடைசியில் வரும் புதுவரியையும் எண்ணிப் படியுங்கள். அந்த ஒரு பைட்டை விட்டுவிட்டால் அடுத்த வாசிப்பின் தலையில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி (பொள்ளாச்சி)

மேற்சொன்னது சரி, ஆனால் 4000 என்று நிரலில் எழுதி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். # குறியை அடுத்த இலக்கம், பின்வரும் நீளம் எத்தனை இலக்கம் என்பதையே சொல்கிறது. யாராவது ஒரு மாணவர் புள்ளிகளை 10,000 ஆக்கினால் "#540000" வரும், தலைப்பு ஏழு எழுத்தாகிவிடும், ஆறு எழுத்தை நீக்கும் நிரலில் அரே முழுவதும் ஒரு பைட் நகர்ந்துவிடும். ஆகவே முதலில் இரண்டு எழுத்து, பிறகு நீளம், பிறகு தரவு என்று மூன்று வாசிப்பாகப் பிரியுங்கள். பைட்டுக்கு 10 பிட் என்றால் 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்டுகளே வரும். 40,000 பைட்டுக்கு 41 நொடிக்கு மேல் ஆகும் என்பதால், இயல்பாக உள்ள 10 நொடி டைம்அவுட்டையும் (காத்திருப்பு வரம்பையும்) உயர்த்த வேண்டும்.

எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் ஓட்டக் கட்டுப்பாடு இயங்கினால், 17, 19 என்ற பைட்டுகளை 'அனுப்பு', 'நிறுத்து' என்ற கட்டளைகளாக அது எடுத்துக்கொள்ளும்; அவை தரவிலிருந்தே மறைந்துவிடும். அதையும் அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.