புதுப்பிப்பு: திடல் புல்லில் பறந்த அந்துப்பூச்சியின் பெயர் தெரிந்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்துத் திடலில் நடந்தால் காலடியிலிருந்து எழும்பி, இரண்டடி தள்ளிப் புல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னப் பழுப்பு அந்துப்பூச்சி எது என்று முன்பு கேட்டிருந்தேன். அது ஸ்போலாடியா ரிகர்வாலிஸ். 1775-இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் விவரித்த இனம். வெப்ப நாடுகள் எங்கும் உண்டு.

அடையாளம் சிறகில்தான் இருக்கிறது. அடர்பழுப்பு முன்சிறகின் குறுக்கே ஓடும் வெள்ளைப் பட்டை, சிறகை விரித்ததும் பின்சிறகின் பட்டையோடு சேர்ந்து ஒரே கோடாகிவிடுகிறது. நுனிப்பக்கம் இன்னொரு குட்டைப் பட்டை. எவ்வளவு அழகு! என் கேள்விக்குப் பதிலாகச் சிலர் சொன்ன ஹைமீனியா பெர்ஸ்பெக்டாலிஸ் என்ற அந்துப்பூச்சியும் இதன் சாயல்தான், ஆனால் அதில் பட்டை மெலிந்திருக்கும்.

வீட்டில் கீரை போட்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். இதன் பச்சைப் புழு முளைக்கீரை, தண்டுக்கீரை இலைகளை நூலால் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்தே அரிக்கும், நரம்புதான் மிஞ்சும். சாப்பிடும் கீரைக்கு மருந்து அடிப்பதை நான் ஒப்பமாட்டேன். சுருண்ட இலையைக் கண்டதும் கிள்ளி எறியுங்கள். சாரணைக் களையிலும் இந்தப் புழு வளரும், பாத்தியோரம் இருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள்.